சென்சு மாமா கண்ணடித்தது

மார்ச் 4, திங்கள்
இன்றைக்கு மட்டும் பதினோரு புகார். "பரிசு விழுந்திருக்குன்னு மெயில் அனுப்பினீங்க, வரியும் கட்டிட்டேன், பரிசு எங்கே?" நாங்கள் அனுப்பவே இல்லை. எவனோ எங்கள் கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு அனுப்புகிறான். ஸ்லீமா நகரத்தில் இந்த ஆன்லைன் சூதாட்டக் கம்பெனிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை.

மார்ச் 6
மெயிலின் அடியில் பெயர்: டொரியான் புஜேயா, வாடிக்கையாளர் சேவை. நான்தான்! என்றைக்கோ யாருக்கோ நான் எழுதிய பதிலிலிருந்து உருவியிருக்கிறார்கள். "ஊரே உன்னைத் தேடுது, பெரிய ஆளாயிட்டடி" என்கிறாள் பக்கத்து மேஜை ரமோனா.

மார்ச் 10, ஞாயிறு
கோசோ தீவிலிருந்து சென்சு மாமா கப்பலேறி வந்தார். கூடை நிறைய அவர் ஆட்டுப்பாலில் செய்த சீஸ். எதுக்கு மாமா இவ்வளவு என்றேன்.
"வாங்கிக்க புள்ள. செஞ்சவங்களுக்குச் செய்யணும்ல" என்று கண்ணடித்தார்.
நான் என்ன செய்தேன்? வயசாகிறது, பாவம்.

மார்ச் 14
மிளகு தடவிய சீஸ். அருமை.

மார்ச் 24, ஞாயிறு
காலையில் அம்மா போன். "உன் மாமன் ஆட்டையெல்லாம் வித்துட்டான். ஏன்டான்னா, டொரியானைக் கேளுன்னு சிரிக்கிறான்."
அடுத்த கப்பலைப் பிடித்துப் போனேன். மாமா செல்போனை நீட்டினார். என் பெயரில் நாலு மெயில். மூன்று முறை 'வரி' கட்டியிருக்கிறார், கடைசியாக ஆடுகளை விற்ற காசில்.
"நான் அனுப்பல மாமா."
"தெரியும். நீ அப்படித்தான் சொல்லணும்."
"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"
"கேட்டா, சொந்தக்காரனுக்குப் பரிசு விழ வெச்சேன்னு உன் வேலை போயிடாதா?"
எங்கள் ஊரில் ஆள் பிடிக்காமல் எது நடந்திருக்கிறது? படகு நிறுத்த இடம், ஆஸ்பத்திரியில் கட்டில் — உள்ளே இருக்கும் ஆள் செய்வான், வாங்கினவன் வாயைத் திறக்க மாட்டான். மாமாவும் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் முன்னாலேயே அழுதேன்.

மார்ச் 26
மாமா சார்பில் போலீஸ் புகாரை நானே எழுதினேன். 'அனுப்பியவர் பெயர்' என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்ததும் மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் புள்ள."
எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. என்னை நம்பவில்லையா, ரொம்ப நம்புகிறாரா? தெரியவில்லை.

ஏப்ரல் 2
தூக்கமே இல்லை. ஆபீசில் இன்றைக்குப் புகார் ஒன்பது.

ஏப்ரல் 7, ஞாயிறு
மாமா வந்தார். கூடை இல்லை. "அந்தக் காகிதத்தைக் கொடு" என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். கடையில் வாங்கிய சீஸ். விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
கண்ணடிக்கவில்லை.