ரொக்கிக்குக் கிடைத்த வீடு

பெப்ரவரி 7, வெள்ளி

ரொக்கிக்கு வீடு கிடைத்துவிட்டதாம். எங்கள் விலங்கு மீட்புக் குழுவின் தலைவி தாரிணி காலையில் ஒற்றை வரி அனுப்பினா. ஃபேஸ்புக்கில் எழுதுவது வழக்கம்போல என் பொறுப்பு. "சோபாவில் ஏறிப் படுத்தால் இறங்க மாட்டேன் என்கிறான்" என்று என் பாட்டுக்குக் கொஞ்சம் சேர்த்தும் விட்டேன். முந்நூறு லைக்.

விமல் அண்ணை குடும்பம் இங்கே வளைகுடாவில், ஈசா டவுன் வீட்டைக் காலிசெய்து கனடா போனபோது எங்கள் குழுவிடம் விட்டுப்போன நாய். அவருடைய மகள் கஜானிக்கு ஒன்பது வயது. விமான நிலையம் வரை அழுதாள்.

பெப்ரவரி 10, திங்கள்

கஜானி வீடியோ கேட்கிறாளாம். புது வீட்டுக்காரரின் நம்பரைத் தாரிணியிடம் கேட்டேன்.

"பிரைவசி, சுகந்தா. லோக்கல் ஃபேமிலி, தொந்தரவு பண்ணக் கூடாது."

ஒரு படம்கூடவா? அதையும் அனுப்பவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

குழுவின் நாய்க் காப்பகத்துக்கே போனேன். தாரிணி எங்களை உள்ளே விடுவதில்லை. அங்கே வேலை செய்யும் சுஐபு கேட்டடிக்கு வந்தார்.

"ரொக்கியா? அது செத்து மூணு வாரமாச்சேக்கா. காய்ச்சல்ல கிடந்துச்சு. தாரிணி மேடத்துக்கு ரெண்டு தடவ போன் போட்டேன், நாளைக்குப் பாக்கலாம்னாங்க. நான்தான் பொதச்சேன்."

மூன்று வாரம்! நான் சோபா எழுதும்போது அது மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. இப்படி இன்னும் எத்தனை என்று கேட்டேன். பெயர் பெயராகச் சொன்னார். ரொக்கியோடு பதினொன்று. பதினொன்றுக்கும் "வீடு கிடைத்தது" என்று எழுதினது நான்.

இதுக்கு மேல எழுத ஏலாது.

பெப்ரவரி 15, சனி

தாரிணி மறுக்கவே இல்லை. டீ ஊற்றித் தந்துவிட்டுச் சொல்கிறா: "செத்துப்போச்சுன்னு போட்டா இனிமே யார் கொண்டுவந்து விடுவாங்க? ரோட்டுல அவுத்துவிட்டுட்டு ஃபிளைட் ஏறிடுவாங்க. அதுக்கு நீ பதில் சொல்வியா?"

அப்படியென்றால் கேட்டைத் திற, எல்லாரும் வந்து பார்க்கட்டும் என்றேன். எந்த நாய் எங்கே, எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் எழுதிப் போடு என்றேன்.

"வெளிய பேசுனே, கேஸ் போடுவேன். விசா போயிடும், பாத்துக்கோ."

என்ன நெஞ்சழுத்தம்! வாயில்லாச் சீவன், வந்து சாட்சி சொல்லாது எண்ட தைரியம்தானே? எனக்கு வாய் இருக்கு. ஆனா அந்த வாயாலதானே நானும் புளுகினன்! ஒரு படம் கேட்டனா? ஒருக்காப் போய்ப் பாத்தனா? சீ.

பெப்ரவரி 16, ஞாயிறு

குழுவிலிருந்து என்னைத் தூக்கியாச்சு.

பெப்ரவரி 22, சனி

இந்தக் கிழமை மற்றப் பத்துக் குடும்பத்துக்கும் ஒவ்வொன்றாக ஃபோன் எடுத்துச் சொன்னேன். ஒருவர் கண்டபடி ஏசினார். ஒரு அம்மா பாதியிலேயே வைத்துவிட்டா. பயம்தான். விசா போனால் போகட்டும்.

கடைசியாக விமல் அண்ணை. முழுக்கக் கேட்டார்.

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ, தங்கச்சி. நீங்கள் எழுதினதையே நம்பிக்கொண்டு இருக்கட்டும். பாவம்."

ஓம், சொல்லேல்லை என்று வாய் வரை வந்துவிட்டது.

"இல்லை அண்ணை. அவளுக்குப் பொய் சொன்னது நான். ஃபோனை அவளிட்டக் குடுங்கோ."

அவர் கஜானியைக் கூப்பிட்டார்.