ரிசீவர் மாற்றுவது குறித்து ரோசலினுக்கு

திண்டுக்கல்
24 அக்டோபர், வெள்ளி மாலை

அன்பு மகள் ரோசலினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை மறக்காமல் போட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எனக்குக் கோர்வையாக வராது. நீ ஒன்று கேட்டால் நான் வேறொன்று சொல்லுவேன், வைத்த பிறகுதான் சரியான பதில் நினைவுக்கு வரும். அம்மாவும் பக்கத்திலேயே இருப்பதால் சில விஷயங்களைப் பேச முடிவதில்லை. எழுதி முடித்ததும் நம் தெரு எலெக்ட்ரீஷியன் டோனியிடம் கொடுத்து, படம் எடுத்து உன் வாட்ஸப்புக்கு அனுப்பச் சொல்கிறேன். அவனை உனக்கு நினைவிருக்கும், கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவன்.

குழம்பாமல் எழுத வேண்டும் என்று முதலிலேயே வரிசை போட்டுக்கொண்டேன்.

1. பழைய ரிசீவர் போன விதம்.
2. நம் வீட்டுக்கு என்ன தேவை.
3. கடையில் பார்த்தவையும் என் குழப்பமும்.
4. அம்மாவின் நடைத் தடுமாற்றம். இதற்கும் ரிசீவருக்கும் சம்பந்தமில்லை, தனி விஷயம்.
5. போனில் நீ சொன்ன யோசனைக்கு என் பதில்.

முதலாவது. இந்த மாதம் ஆறாம் தேதி சாயங்காலம் மழையைவிட இடிதான் அதிகம். மேகம் கறுத்தாலே பிளக்கைப் பிடுங்கிவிடுவது என் வழக்கம். அன்று மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவன், எடுத்ததை மடித்து வைத்துவிட்டு இறங்கலாம் என்று நின்றுவிட்டேன். அதற்குள் கீழே டப்பென்று ஒரு சத்தம், கருகிய நாற்றம். டிவி தப்பித்தது, ரிசீவர் போய்விட்டது. நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, பதின்மூன்று வருடம் உழைத்தது, மடிக்கிற துணிக்காகப் போனது என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். டோனி திறந்து பார்த்துவிட்டு, “ஐயா, போர்டு முழுசும் வெந்துபோச்சு. சாமியாரக் கூப்பிட்டு அடக்கம் பண்ணிர வேண்டியதுதான்” என்றான். உதிரி பாகம் இப்போது கிடைக்காதாம். டிவி ஆனாலும் ரேடியோ ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் போய்த்தான் ஹாலில் இருக்கும் ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரிந்து போகும் என்பதால், இப்போது ஐந்தும் சுவரில் சும்மா தொங்குகின்றன. டிவியின் சொந்தக் குரல் மட்டும் அதன் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ முனகுகிறது.

இரண்டாவது, தேவை. ஒரு தாளில் கோடு போட்டு ஆளுக்கு ஒரு கட்டம் எழுதினேன், இருப்பதே இரண்டு பேர். எனக்கு இரவுச் செய்தியும், ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தை டிவியில் பார்த்துப் பேசுவதும் போதும். அம்மாவுக்கு விடியற்காலை ஐந்தரைக்குக் கொடைக்கானல் எஃப்.எம். போட வேண்டும், அது சமையல் முடிகிற வரை ஓடும். பதினொரு மணிக்கு டிவியில் பூசை, சாயங்காலம் சீரியல். கண் போய் ஆறு வருடமாகிறது, ஆகவே தடவினால் கைக்குத் தட்டுப்படுகிற திருகும் பட்டனும் வேண்டும், வழவழவென்று தொட்டால் வேலை செய்கிற கண்ணாடி மூடி கூடாது. இவ்வளவும் எழுதிவிட்டு யோசித்தேன். படத்தையே பார்க்க முடியாதவளுக்கு நாலு பக்கமும் சத்தம் எதற்கு? பேச்சு தெளிவாகக் கேட்டால் போதாதா? எனக்குச் சரியென்றுதான் பட்டது. ஆனால் நான் சரியென்று நினைத்தவை எத்தனை சரியாக இருந்திருக்கின்றன என்று பார்த்தால், அதுவும் தைரியம் தருவதாக இல்லை.

மூன்றாவது, கடை. பேகம்பூரில் நாசர் என்பவர் கடைக்கு ஒன்பது நாளில் நான்கு முறை போய்விட்டேன். நல்ல மனிதர், விளக்கித்தான் சொல்கிறார், எனக்குத்தான் ஏறவில்லை. ஐந்து சேனல், ஏழு சேனல் என்கிறார். நம்மிடம் ஐந்து ஸ்பீக்கர்தானே, ஏழு எதற்கு என்றால், பின்னால் உதவும் என்கிறார். எழுபத்து நான்கு வயதில் எனக்கு எவ்வளவு பின்னால்? டால்பி அட்மாஸ் என்று ஒன்று, அதில் மழை பெய்தால் கூரையிலிருந்து விழுவது போலவே கேட்குமாம். வாட் என்று ஒரு பெட்டியில் போட்டிருப்பதும் இன்னொரு பெட்டியில் போட்டிருப்பதும் ஒரே வாட் இல்லையாம், எத்தனை ஸ்பீக்கர் ஓடும்போது அளந்தது என்று பார்க்க வேண்டுமாம். நான் எல்லாவற்றையும் தாளில் கட்டம் கட்டிக் குறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நாசர், “சார், ரிசீவர் வாங்க வந்தீங்களா, இல்ல ரிசீவருக்கு வரன் பாக்க வந்தீங்களா?” என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். மூன்றாம் முறை போனபோது அவர், “வீட்டுல யாரு சார் அதிகமாக் கேக்குறது? அம்மாதான்னா அவங்களையே ஒரு தடவ கூட்டியாங்களேன்” என்றார். அம்மாவை அந்தக் கூட்டத்தில் எப்படி நடத்திக் கூட்டிப்போவது என்று பயந்து வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியில் சவுண்ட்பார் என்று டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றைக் கட்டையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். பேச்சு தெளிவாக இருக்கிறது, ஒயர் இல்லை. திங்கட்கிழமை கொண்டுவந்து மாட்டுவார்கள்.

நான்காவதுதான் அம்மாவை வைத்துக்கொண்டு பேச முடியாதது. இரண்டு வாரத்துக்கு மேலாக அவளுக்கு நடை தடுமாறுகிறது. ஆறு வருடமாக இந்த வீட்டில் ஒரு பாத்திரத்தைக்கூடத் தட்டிவிடாமல் நடந்தவள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அடுப்படி நிலையில் தோள்பட்டை. ஒரு நாள் அடுப்படிக்கு என்று கிளம்பிப் படுக்கையறைக்குப் போய், அங்கே சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். கேட்டால் தலை சுற்றுவது போல இருக்கிறது என்றாள். டாக்டர் பிரஷர், சர்க்கரை, காது நரம்பு எல்லாம் பார்த்துவிட்டு வயதுதான் என்று ஒரு மாத்திரை எழுதினார். போன சனிக்கிழமை எரிகிற அடுப்புப் பக்கம் அவள் சேலைத் தலைப்பு போய்விட்டது. நான் பின்னாலேயே நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சிலிண்டரை மூடிவிட்டேன். இனி அடுப்படிக்கு வராதே என்று சொல்லிவிட்டேன். மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது. அவள் சண்டை போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. “சரி, நீங்க சொன்னாச் சரிதான்” என்று போய்ப் படுத்துக்கொண்டாள். வெஞ்சனத்தை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிடுகிறாள். வத்தலக்குண்டு அத்தை பார்க்க வந்தபோதுகூட எழுந்து வந்து உட்காரவில்லை.

ஐந்தாவது. அம்மாவுக்கு முடியவில்லை என்று நான் போனில் அரைகுறையாகச் சொன்னதற்கு, பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு பெண்ணை வைக்கலாம், ஒத்துவரவில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருச்சியில் முதியோர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இருவரும் சேர்ந்துவிடலாம் என்றாய். நீ நர்ஸ், உனக்குத் தெரியாததா? எனக்கும் அதுதான் நல்லது என்று தோன்றுகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே பக்குவமாகச் சொல்லிவிடுவாயா? என்னால்

26 அக்டோபர், ஞாயிறு மாலை

மேலே வரி பாதியில் நிற்கிறது, மன்னித்துக்கொள். வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டாள் என்று எழுந்தவன் பிறகு உட்காரவில்லை. இன்று நடந்ததை அந்த வரிக்கு மேல் எழுதுவதா, கீழே எழுதுவதா, தாளையே மாற்றுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நடந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

சவுண்ட்பார் வந்தால் பழைய ஸ்பீக்கர்கள் நமக்கு வேண்டாம் அல்லவா, அவற்றைக் கோயில் அரங்குக்குக் கொடுத்துவிடலாம் என்று டோனியிடம் சொல்லியிருந்தேன். இடியில் அவையும் வெந்திருக்குமோ என்று பார்க்க இன்று பூசை முடிந்ததும் பாடற்குழு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐந்து ஒயரையும் அதில் சேர்த்து, தன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டான். ஐந்து ஸ்பீக்கரிலும் ஒன்றாகப் பாட்டு வந்தது. அம்மா படுக்கையறையில் படுத்திருந்தாள். செத்த நேரத்தில் எழுந்து வந்தாள். சுவரைத் தொடவில்லை, மேசையைச் சுற்றி வந்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, நேராக அடுப்படிக்குள் போனாள். லைட்டரைத் தட்டும் சத்தம் நாலைந்து தடவை கேட்டது. பிறகு குரல்: “என்னங்க, சிலிண்டர இன்னும் மூடியா வச்சிருக்கீங்க? டோனி வந்திருக்கான், ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்க வேணாமா?” போய்த் திறந்துவிட்டேன், பக்கத்திலேயே நின்றேன். அவளே காப்பி போட்டாள். டம்ளரை ஏந்திக்கொண்டு ஹாலுக்குப் பாதி தூரம் வந்தபோது, ஒயரை மாற்ற டோனி ஆம்ப்ளிஃபையரை அணைத்தான். அவள் அப்படியே நின்றுவிட்டாள். “ஏலே டோனி, எதுக்குடா அத அமத்துன? நான் எங்கிட்டுப் போறது?” என்றாள்.

டோனி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சொன்னவளுக்கே தான் சொன்னது ஆச்சரியமாக இருந்தது போல. உட்கார வைத்துக் கேட்டோம். “நானா யோசிச்சு வச்சதில்லங்க. பாட்டு ஓடுச்சுன்னா கால் தன்னால போகும். கரகரன்னு பேசுறவன் அடுப்படிப் பக்கம். கீச்சுன்னு இருக்குறவன் படுக்கையறைப் பக்கம். டிவிக்குக் கீழ இருக்குறவன் நேரா. அது நின்னதுல இருந்து வீடே ஊமையாப் போச்சு. நானும் தலதான் சுத்துதுன்னு நெனச்சேன்” என்றாள். கரகரப்பது பின் இடது ஸ்பீக்கர், அடுப்படி நிலைக்கு மேல் இருப்பது. மூன்று வருடமாக மாற்ற வேண்டும் என்று நான் சொல்லி வந்தது அதைத்தான். சர்வே ஆபீசில் முப்பத்தோரு வருடம் வரைபடம் போட்டவன் நான், இந்த வீட்டுக்கும் பிளான் போட்டது நான்தான். டோனி சும்மா இருப்பானா? “ஐயா, ஊரு நெலத்தையெல்லாம் படம் போட்டீங்க, அம்மா நடக்குற பாதையப் போடலையே” என்றான்.

இருந்தாலும் ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று, பாட்டோடு மூன்று முறை, பாட்டில்லாமல் மூன்று முறை அவளை அடுப்படிக்கு நடக்கச் சொன்னேன். பாட்டோடு நடந்த மூன்றிலும் எதையும் தொடவில்லை. பாட்டில்லாமல் இரண்டாம் முறை படுக்கையறைக்குப் போனாள், மூன்றாம் முறைக்கு மறுத்துவிட்டாள். “என்னய வச்சுப் பரிச்சை நடத்துறீங்களா? போங்கங்க அங்கிட்டு” என்று வைதாள். அவள் என்னை வைது பத்து நாளாயிற்று. டோனி ஆம்ப்ளிஃபையரைப் புதன்கிழமை பாடற்குழு ஒத்திகை வரை இங்கேயே விட்டுப் போயிருக்கிறான்.

நாசருக்குப் போன் செய்து, சவுண்ட்பார் வேண்டாம், ஐந்து சேனல் ரிசீவர்தான் வேண்டும், திருகு உள்ளதாக, எஃப்.எம். உள்ளதாக என்றேன். “அப்பவே அம்மாவக் கூட்டியாங்கன்னேன்ல சார்” என்றார். சொன்னார்தான். ஆனால் குழப்பம் தீர்ந்தபாடில்லை. இவற்றை மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். புதிய ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வருகிறது, கேட்பவர் உட்காரும் இடத்தில் அதை வைத்தால் எல்லா ஸ்பீக்கரின் சத்தத்தையும் அதுவே சமன் செய்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நம் வீட்டில் கேட்பவள் உட்காருவதில்லை, நடக்கிறாள். மைக்கை எங்கே வைப்பது? சமன் செய்தால் கரகரப்பும் கீச்சும் ஒன்றாகிவிடுமோ? மைக்கைத் தொடாமலே விட்டுவிடலாமா? ஐந்திலும் ஒரே பாட்டு வருகிற முறை ஒன்று இருக்கிறதாம், கரண்ட் போய் வந்தால் அந்த முறை நினைவில் இருக்குமா, அல்லது தினமும் நான்தான் போட வேண்டுமா? நான் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வாள்? புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் தம் கரத்துக்குள் வைத்துக் காப்பாராக. பிள்ளைகள் படிப்பில் கவனமாக இருக்கட்டும். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், இரவு டியூட்டியைத் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் வாங்கிக்கொள்ளாதே. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், தாத்தாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க மறந்துவிடாதே.

இதை முழுவதும் இப்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், திருச்சி என்று எழுதிய இடத்தையும் விடவில்லை. அவள் எழுந்து உலை வைக்கப் போனாள். பெண்ணும் வேண்டாம், திருச்சியும் வேண்டாம். நான்காவதாக நான் எழுதியது தவறு. தடுமாற்றத்துக்கும் ரிசீவருக்கும்தான் சம்பந்தம், அவள் வயதோடு இல்லை. அது தெரியாமல் எட்டு நாள் அவளை அடுப்படிக்கு வெளியே உட்கார வைத்தவன் நான்தான்.

உன் அன்புள்ள அப்பா,
இருதயநாதன்