வெறும் ‘சரி’

பிப்ரவரி 11

அன்புள்ள குட்டை,

நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. தலைமைப் பதவியில் இருப்பவர்களுக்கு நலக்குறைவு வராது.

நம் நூலக மென்பொருளில், புத்தகத்தைத் திருப்ப வேண்டிய தேதிக் கணக்கை முழுவதும் புதிதாக எழுதி அனுப்பியிருந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், மூன்று பேர் படித்துப் பார்த்து ஒப்பினால் சேரும் என்பது நாம் இருவரும் வகுத்த முறை. அந்தக் காலத்தில் ஒரு வரிக்காக மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்போம். இப்போது உன் சீடப்பிள்ளைகள் மூவரும் ‘சரி’, ‘சரி’, ‘சரி’ என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். படித்தார்களா, பூம்பூம் மாடு போலத் தலையாட்டினார்களா?

என் வீட்டுக்காரி மகள் வீட்டுக்குப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. போனில் “சாப்டீங்களா?” என்பாள். “ஆச்சு” என்பேன். இங்கும் ஒற்றைச் சொல்தான்.

தலைமையை உனக்கு நான் விட்டுக்கொடுத்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள். நீ பிடுங்கிக்கொண்டது உனக்குத் தெரியும்.

நெட்டை

ஜூன் 20

அன்புள்ள நெட்டை,

உன் சமீபத்திய திருத்தங்கள் எல்லாவற்றிலும் பிழை. ஒன்றில், புத்தகத்தை எடுப்பதற்கு முன்பே திருப்ப வேண்டியிருக்கிறது. சுட்டிக்காட்டினால் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறாய். தேதிப் பகுதியைப் பார்க்கும் பெண், “அங்கிளுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா சார்?” என்று கேட்டாள். நானும் கண்ணில் கோளாறோ என்றுதான் நினைத்தேன்.

பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். தேதித் தப்பு அவளுக்கு, தேடல் தப்பு தேடல்காரனுக்கு, அச்சுத் தப்பு அச்சுக்காரனுக்கு. தெரியாமல் செய்கிற தப்பு இப்படி ஆளுக்கு ஒன்றாகப் பந்தி வைத்ததுபோல் விழாதடா.

அதில் ஒன்று எங்கள் கண்ணுக்குத் தப்பி, ஒரு நூலகத்தில் எல்லாருடைய உறுப்பினர் அட்டையும் முடங்கிப்போனது. இனி உன் திருத்தங்களை ஏற்பதில்லை என்று மூவரும் முடிவெடுத்தார்கள். நானும் ஒப்பினேன்.

திட்டு. ஆனால் எழுது.

குட்டை

ஜூலை 2

மாண்புமிகு தலைவருக்கு,

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! வேண்டுமென்றே செய்தேன் என்கிறாய். உன் வாயை அடைக்க என்னிடம் அடைப்பான் இல்லை.

அந்தப் பெண் எனக்குத் தேதிக் கணக்கை மூன்று பக்கத்துக்கு விளக்கினாள். கடைசியில், “இப்ப புரியுதா அங்கிள்?” என்று கேட்டாள். எனக்கா புரியாது? அந்தக் கணக்கை எழுதியவனே நான்தான். புரியவில்லை என்று எழுதினேன். மறுநாளும் விளக்கினாள்.

அதற்கும் பூட்டுப் போட்டுவிட்டாய். நன்றாக இரு. இனி நமக்குள் கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
யாரோ

ஜூலை 15

அன்புல்ல நெட்டை,

நளமா? இங்கே மலை விடாமல் பெய்கிறது. எனக்கு முட்டி வழி. பேச ஆழ் இல்லை. உன் பதிளுக்குக் காத்திருக்கிரேன்.

குட்டை

ஜூலை 19

குட்டை,

மலை பெய்யாது, மழைதான் பெய்யும். முட்டி வழியாக எந்த ஊருக்குப் போகிறாய்? மற்ற பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து உன் கடிதத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த நிலையில் இதை ஏற்க முடியாது.

திருத்தி மறுபடி அனுப்பு. இவ்வளவு சுருக்கமாக எழுதாதே.

நெட்டை