ஆண்டவரிடம் ஒளிக்காதது

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள சௌமியாவின் அப்பாவுக்கு,

நானும் சௌமியாவும் சுகமாக இருக்கிறோம். எட்டு மாதமாக நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால் இதை எழுதி, லீவு முடிந்து எத்தியோப்பியாவுக்குத் திரும்பும் உங்கள் கம்பெனி ஷோயப் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நானாகத்தான் கேட்டேன்.

சௌமியா பத்தாவது பாஸாகிவிட்டாள். கணக்கில் தொண்ணூற்றொன்று. மார்க் வந்த அன்று உங்கள் நம்பருக்கு அவளே நான்கு முறை அடித்துப் பார்த்தாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஷோயப் போன வாரம் வீட்டுக்கு வந்தார். பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டு, "அண்ணன் நல்லாதான் இருக்காரு அக்கா. கம்பெனி ரூம்ல இல்ல, தனியா வீடு எடுத்துட்டாரு," என்றார். அங்கே உங்களோடு யார் என்று கேட்டேன். அவர் சொன்ன பெண்ணின் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை.

இத்தனை மாதமும் சபையில் எல்லோரிடமும் நீங்கள் வாரம் தவறாமல் பேசுவதாகச் சொல்லி வந்தேன். ஜெபத்திலும் அப்படித்தான். "ஆண்டவரே, என் கணவரைப் பாதுகாத்து நடத்துகிறீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். ஜெபத்தில்கூட நல்ல குடும்பமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

நேற்று இல்லை, அதற்கு முந்தின சனிக்கிழமை கோயிலைப் பெருக்குவது என் முறை. ஆள் யாரும் இல்லை. பாதி பெருக்கியதும் கை ஓடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "அவர் என்னை விட்டுட்டுப் போய்ட்டார். எனக்கு அவர் மேல கோவம். பார்த்துக்கிட்டே இருந்த உங்க மேலயும் கோவம்," என்று சத்தமாகச் சொன்னேன். 'நீர்', 'உமக்கு' எதுவும் வரவில்லை. அசிங்கமான வார்த்தைகள் சிலவும் சொன்னேன். சத்தமோ காட்சியோ ஒன்றும் வரவில்லை. ஆனால் எழுந்து போ என்று என்னிடம் யாரும் சொன்னதாகத் தோன்றவில்லை. அழுது முடித்து மீதியையும் பெருக்கிவிட்டு வந்தேன்.

அதிலிருந்து ஆண்டவரிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் லைனில் மெஷின் சத்தம் இருப்பதால் வசதி. பக்கத்து மெஷின் பில்கிஸ் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா, யார்கிட்ட பேசினே இருக்கே?" என்றாள். "ஒரு தோஸ்த்கிட்ட," என்றேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் சேர்த்து ரெண்டு வார்த்தை சொல்லிடு," என்றாள். அவளுக்கு இன்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

தனிமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். சாயந்திரம் கதவைத் திறக்கும்போது வீடு அப்படியேதான் இருக்கிறது. எனக்குப் பதில் சொல்லாதவர்கள் இப்போது இரண்டு பேர். அதில் ஒருவர் நான் பேசுவதைக் கேட்கிறார் என்று மட்டும் தெரிகிறது.

இன்று சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஹெலன் அக்கா வழக்கம்போல, "வீட்டுக்காரர் பேசினாராம்மா?" என்று கேட்டார்கள். "இல்லக்கா. எட்டு மாசமா இல்ல," என்றேன். எல்லோரும் கீழே பார்த்தார்கள். அக்காவுக்கும் ஜெபம் வரவில்லை. கூட்டம் முடியும்வரை என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, ஷோயப் சொன்னதைச் சௌமியாவிடமும் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நான் அழுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறாள்.

என்னிடம் நீங்கள் பேச வேண்டாம். அவளுக்கு ஒரு தடவை போன் செய்யுங்கள். என்ன சொன்னாலும் உண்மையைச் சொல்லுங்கள், அவள் தாங்குவாள்.

அங்கே நீங்கள் யாரோடு இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நேற்று ஜெபித்தேன். மனதில்லாமல்தான் ஜெபித்தேன். அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பிரிசில்லா