வெள்ளை ஸ்பீக்கரைக் கொடுத்துவிடாதே

அண்ணா,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. நானும் அம்மாவும் தையல் கடைக்குப் போகிறோம்.

மத்தியானம் ஸ்பீக்கர் கடைக்காரர் வருவார். பார்க்கக் கொடுத்த இரண்டில் ஒன்றைத் திருப்பித் தரவேண்டும். வெள்ளையைக் கொடுத்துவிடாதே. கறுப்புக்கு இணையத்தில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், சரி. அவர்கள் யார் வீட்டிலும் காது மந்தமான நம் அப்பா இல்லை. கறுப்பில் செய்தி ஓடினால், "என்னடா சொல்றான்?" என்று வரிக்கு வரி கேட்கிறார். வெள்ளையில் ஓடினால் கேள்வியே இல்லை, நேராக மந்திரியைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்.

"பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவ, ஸ்பீக்கருக்கு மார்க் போட வந்துட்டா!" என்று நேற்று கத்தினாய். பிறகு நீயே பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டியா, இதான் கறுப்பு. நெஞ்சே அதிருது" என்றாய். அப்போது பாடியது வெள்ளை. கறுப்பின் வயரை நீ செருகவே இல்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாவி வழக்கமான இடத்தில்.

பி.கு.: எதை வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் கேட்காதே. நீ எதைக் காட்டினாலும், "நல்லாத்தான்டா இருக்கு" என்பார். அப்புறம் ஒன்றும் கேட்காமலே உட்கார்ந்திருப்பார்.