ஆமை என்று நான் பதிந்த எலும்பு

அன்புத் தங்கை வசந்திக்கு,

சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். என் வழக்கம் உனக்குத் தெரியும்.

1. அந்த எலும்புத் தகடு ஆமையுடையது அல்ல.
2. அது உனக்கு அன்றே தெரிந்திருந்தது.
3. அன்று நான் வாய் திறந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

இதைக் காலையில் எழுதினேன். மற்றதை, கோல் மார்க்கெட் போய்த் திரும்பிய பிறகு, இப்போது மாலையில் எழுதுகிறேன்.

எமர்ஜென்சிக்கு முந்தின குளிர்காலம் அது. தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து தில்லியில் நம் அலுவலகத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது; உள்ளே அந்த எலும்புத் தகடு. புதைபடிவங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை, படம் வரைவது உன் வேலை. பெட்டியில் இருந்த சீட்டு ஈரத்தில் அழிந்திருந்தது. சீட்டு இல்லாததை, நம்மிடம் உள்ள எதைப் போல இருக்கிறதோ அதன் பெயரில் பதிவோம். நம்மிடம் இருந்தவை இமயமலை அடிவாரத்துப் பெரிய ஆமை ஓடுகள். ஆமை என்று பதிந்தேன்.

நீ மூன்று நாள் வரைந்தாய். நான்காம் நாள் என் மேசைக்கு வந்தாய்.

"ஏண்ணே, இங்க பாரு. பூப்பூவா இருக்கா? சுத்திச் சின்னச் சின்னக் குழி. முடி முளைச்ச குழி இது. உன் ஆமைக்குத் தலைசீவி விடுவியோ?"

சிரித்தேன். பேனாவைத் துடைத்து மூடினேன். திருத்தத்துக்கு அதிகாரியிடம் போக வேண்டும், எனக்குக் கால் வரவில்லை. நீ போனாய். உன்னைத் தட்டச்சுக்கு மாற்றினார்கள். அதன்பின் சாகும்வரை நீ ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

போன வாரம் நூலகத்தில் ஒரு வெளிநாட்டு இதழ். அதே வெப்பப் பகுதியில் கிடைத்தவை: மரத்தில் தொங்கும் சோம்பேறி விலங்கின் பழைய உறவு ஒன்று, தரையில் நடந்தது, யானைபோல் பெரியது. பக்கத்தில், கவசம் போர்த்த ஆர்மடில்லோவின் உறவு, கார் அளவு. அதன் தகட்டுப் படத்தில் நீ வரைந்த அதே பூக்கள், அதே குழிகள்.

அன்றிலிருந்து கிட்வாய் நகர் வீட்டில் பட்டப்பகலில் பென்சில் சீவும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன், அறையில் யாரும் இல்லை. கிழவனின் காதுதானா? நீயா, வசந்தி?

இன்று இதழோடு, கோல் மார்க்கெட்டில் இருக்கும், ஓய்வுபெற்ற நம் அதிகாரியைப் பார்க்கப் போனேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அச்சா! அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். எனக்கே அப்ப சந்தேகம் கணேசன். அதான் உங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். 'பதிவு சரிதான் சார், அவ சின்னப் பொண்ணு'ன்னீங்க. நீங்க தப்பா எழுத மாட்டீங்கன்னு விட்டுட்டேன். ஞாபகம் இல்லையா?"

இல்லை என்றேன். பொய். நினைவிருந்தது. உன்னிடம் மட்டும் சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போவேன். திருத்த விண்ணப்பத்தில், கண்டறிந்தவர் என்று உன் பெயரையும், தவறாகப் பதிந்தவர் என்று என் பெயரையும் எழுதிக் கொடுப்பேன். நிச்சயம்.

மூன்றாவதாகச் சொன்னது தவறு, வசந்திம்மா. அன்று நான் வாய் திறந்தேன். உனக்கு எதிராகத் திறந்தேன்.

உன் கூடப்பிறந்த அண்ணன்,
கணேசன்