நீ விற்ற வண்டியின் முகப்பு விளக்குகள்

திருவண்ணாமலை,
ஐப்பசி 5

அன்புள்ள சுதீருக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகமாக இருப்பதை மெல்போர்னிலிருந்து வாரந்தோறும் வரும் உன் புகைப்படங்களே சொல்லிவிடுவதால், அதைக் கேட்டு எழுதும் சம்பிரதாயத்தை இம்முறை தவிர்த்துவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது கொஞ்சம் கம்மி. உன் தங்கை அனுபமா உன்மீது கோபமாக இருக்கிறாள். ஏன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். தொலைபேசியில் பேசினால் நடுவில் 'நெட்வொர்க் சரியில்லப்பா' என்று துண்டித்துக்கொள்ளும் வசதி உனக்கு உண்டு. கடிதத்தில் அது இல்லை.

நீ இங்கே விட்டுச்சென்ற காரை ஆவணி மாதம் அங்கிருந்தபடியே விற்றாய். இரண்டு ஆண்டு வெயிலில் நின்றதால் முகப்பு விளக்குகளின் மூடி மஞ்சள் பூத்து, புகை படிந்த சிமினி போல் இருந்தது. அது கண்ணாடி அன்று, பாலிகார்பனேட். புற ஊதாக் கதிரைத் தடுக்கத் தொழிற்சாலையில் கொடுத்த மேற்பூச்சு அழிந்தால் அப்படித்தான் ஆகும். கெட்ட பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு அதே வகைப் பூச்சை மறுபடி கொடுத்தால்தான் நிற்கும் என்று, இருபத்தெட்டு ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கும் நான் உனக்கு விளக்கினேன். 'நீங்க ஏம்பா அதப் போய் நோண்டிக்கினு, நான் பாத்துக்கறேன்' என்றாய். பார்த்துக்கொண்டாய். வாங்கியவர் தமிழ்செல்வி, கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர், காலைப் பணிக்கு ஐந்து மணிக்கே இருட்டோடு கிளம்ப வேண்டியவர். வேறு இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டு, வாத்தியார் வீட்டு வண்டி என்பதற்காக நம்முடையதை எடுத்தார். விளக்குகள் பளபளத்தன. நீ உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டாய் என்று நானும் நினைத்தேன். அந்தத் தவறு என்னுடையது.

ஆயுத பூஜைக்கு அவர் எல்லோரையும் போல் வண்டிக்கு மாலை போட்டு, இரு விளக்குகளிலும் சந்தனத்தைக் குழைத்து வட்டமாக வைத்துக் குங்குமம் இட்டார். இரண்டு நாள் கழித்து ஈரத்துணியால் துடைத்தபோது சந்தனத்தோடு உன் பளபளப்பும் துணியில் வந்துவிட்டது. பொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக மஞ்சள். அடுத்த மழையில் மீதியும் போயிற்று. அந்த வாரமே செஞ்சி சாலையில், கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நெற்குவியலைக் கிட்டே போகும்வரை காணாமல், அதன் ஓரத்தில் அடுக்கிய கற்களின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தியிருக்கிறார். நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்த ஆராயி என்ற கிழவியின் தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, 'இன்னாடி, லைட்டு போட்டுக்கினு வர்றியா, ஊதுவத்தி கொளுத்திக்கினு வர்றியா?' என்று கேட்டாராம். அந்தக் கேள்வி உனக்கு உரியது.

மறுநாள் தமிழ்செல்வி நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு அல்ல. 'சந்தனம் வெச்சதாலதான் லைட்டு கெட்டுப்போச்சா சார்? தப்பு என்துதான். ஏதாவது போட்டுத் தொடைச்சா சரியாவுமா?' என்று யோசனை கேட்க வந்தார். தன் பூஜையையே குற்றவாளியாக்கிக்கொண்டு நின்றவர் எதிரே என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அனுபமாவை அழைத்துக்கொண்டு, வேங்கிக்காலில் வண்டி கழுவும் கடை வைத்திருக்கும் திருமலையிடம் போனேன். அவன் எதையும் ஒளிக்கவில்லை. 'தேய்ச்சு கோட்டிங் குடுத்தா ரெண்டு வருஷம் தாங்கும்னு நான் சொன்னேன் சார். உங்க பையன்தான், அதெல்லாம் வேணாண்ணா, வந்து பாக்கற அன்னிக்குப் பளிச்சுனு இருந்தா போதும்னாரு. மேலாக்க ஆயில் தடவிக் குடுத்தேன்' என்றான். நீ அனுப்பிய குரல் செய்தியையும் போட்டுக் காட்டினான். அதில் நீ சிரிக்கிறாய். உன் தங்கை கேட்டது அந்தச் சிரிப்பை.

மெல்போர்னில் யார் விருந்துக்கு அழைத்தாலும் பொழுது சாய்ந்தபின் நீ உண்பதில்லையாம். நாங்கள் ஜைனர்கள், இரவில் விளக்கேற்றிச் சாப்பிட்டால் பூச்சிகள் வந்து விழுந்து சாகும் என்று விளக்கம் சொல்லி எல்லோரையும் வியக்க வைத்ததாக அம்மாவிடம் பெருமைப்பட்டாய். பூச்சிக்காக விளக்கேற்றத் தயங்கிய குடும்பத்தில் பிறந்துவிட்டு, சாலையில் படுத்திருக்கும் மனுஷியைக் காட்டாத விளக்கை இன்னொரு மனுஷியின் தலையில் கட்டியிருக்கிறாய். இனி நீ நடுராத்திரியில் தின்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த விரதத்தை மட்டும் நாலு பேரிடம் காட்டிக்கொண்டு திரியாதே.

விளக்குகளை நானே சரிசெய்தேன். சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே உப்புத்தாளைச் சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு மாற்றி மாற்றித் தேய்த்தேன். மஞ்சளாகப் பால் வடிந்தது. மெருகேற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, தூசி அடங்கிய நேரம் பார்த்துப் பூச்சைக் கொடுத்தேன். அது காயும் இரண்டு நாளும் என் வண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனேன். வண்டியை நிழலில் நிறுத்தவும் விளக்கைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்காமலிருக்கவும் சொன்னேன். சந்தனம் தாராளமாக வைக்கலாம் என்பதையும் சொன்னேன். பிறகு, முன்பு விளக்கில் இருந்தது வெறும் ஆயில் பளபளப்பு என்பதைச் சொன்னேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, 'கடக்காரர் ஏமாத்திட்டாரா சார், இல்ல தம்பிக்குத் தெரிஞ்சேதானா?' என்றார். திருமலைமேல் பழியைப் போட எனக்கு ஒரு சொல் போதும், அவர் நம்பியிருப்பார். அம்மா கதவருகே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தேதான் செய்தான் என்றேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்செல்விக்கு விடுமுறை. எண் உன்னிடம் இருக்கிறது. நீயே அழைத்து மன்னிப்புக் கேள். ஆராயி அம்மாளிடமும் உன் மன்னிப்பைச் சொல்லும்படி அவரையே கேட்டுக்கொள். என்னிடம் கேட்க வேண்டாம். சாலையில் படுத்திருந்தது நான் அல்ல. மறந்துவிட்டேன் என்ற பதிலை நான் ஏற்கப்போவதில்லை.

நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் இரு. நான் எப்போது எழுதினாலும் கடைசியில் உன் அம்மா உனக்கென்று நாலு வரி எழுதுவாள். இதற்குக் கீழே இடம் விட்டுக் கொடுத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, தாளை அப்படியே திருப்பித் தந்தாள்.

இப்படிக்கு,
உன் தந்தை
ஆதிராஜ்